அட்ஜஸ்ட்: ஐந்தாம் பொருள்

என் அக்காள் கணவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நடுநிலையோடு எழுதவில்லை என்று பிறகு யாரும் குறைப்பட வேண்டாம். பதினோரு வருடமாகப் பிடிக்காது. முகத்துக்கு நேரே அத்தான் என்று கூப்பிடுகிறேன். மனதுக்குள் கூப்பிடுவதை அச்சில் போட முடியாது. அச்சில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று பார்த்துத்தான் நான் வயிறு கழுவுகிறேன்.

நான் பிழை திருத்துபவள். அவர் பதிப்பாசிரியர். இருவருக்கும் ஒரே அலுவலகம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தமிழர்கள் நாள் முழுக்கப் பேசும் ஆங்கிலச் சொற்கள் நம் வாயில் என்னென்ன பொருளில் புழங்குகின்றன என்று சொல்லும் அகராதி ஒன்றைப் பதினான்கு வருடமாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். டென்ஷன், ஃப்ரீ, லைன், கரெக்ட், சீரியஸ் என்று நீங்கள் யோசிக்காமல் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஓர் இழுப்பறை உண்டு.

இழுப்பறைக்குள் இருப்பவை சீட்டுகள். உள்ளங்கை அகல வெள்ளை அட்டைகள். கீழே இருக்கும் காவலாளி முதல் ஒரு வருடம் எங்கள் அலுவலகத்தைச் சூதாட்டக் கிளப் என்றே நினைத்திருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஏழு கோடுகள்: சொல், வாக்கியம், சொன்னவர், கேட்டவர், நாளும் நேரமும், இடம், சூழல். வாக்கியம் யாரோ ஒருவர் வாயிலிருந்து உண்மையிலேயே வந்திருக்க வேண்டும். காதால் கேட்டவர் அதே நாளில் எழுதியிருக்க வேண்டும். மண்டையிலிருந்து தயாரித்த வாக்கியத்துக்கு எங்கள் அகராதியில் இடமில்லை. இது அத்தான் போட்ட சட்டம். அவருடைய அறைக் கதவில் சட்டம் போட்டு மாட்டியும் இருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு உதவியாசிரியர் ‘டென்ஷன்’ என்ற சொல்லுக்கு டீக்கடைக்காரர் சொன்னதாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். அன்று அந்த டீக்கடை மூடியிருந்தது. அத்தான் படியிறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் உதவியாசிரியருக்குச் சீட்டுக் கிழிந்துவிட்டது. “ஒரு பொய்ச் சீட்டு உள்ள வந்துட்டா மீதி எழுபதாயிரமும் பொய்யாயிடும்” என்று எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. உண்டு என்று எழுதும்போதே கை கூசுகிறது.

அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் சீட்டோடு வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. புத்தகத்தில் வாக்கியம் மட்டும்தான் வரும். சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதெல்லாம் இழுப்பறையிலேயே தங்கிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். யாருக்கும் தெரியாத ஆயிரம் குடும்பங்களின் சண்டை சச்சரவு எனக்குத் தெரியும். என் குடும்பத்துச் சண்டையை மட்டும் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை.

அக்கா ஒரு நாள் ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். “இனிமே அங்க போகமாட்டேன்” என்றாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்பா செய்தித்தாளை மடித்தார். காரணம் எங்களுக்குத் தெரிந்த பழைய கதைதான்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிள்ளை உண்டானது. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் அடிவயிற்றில் வலி. அத்தானிடம் இரண்டு முறை சொன்னதாக அக்கா சொன்னாள். அவர் அலுவலகத்தில் ஆலோசனைக் குழுக் கூட்டம் என்று கிளம்பிப் போய்விட்டார். கைபேசியை அணைத்துவிட்டார். மத்தியானத்துக்கு மேல் எதிர்வீட்டுப் பெண்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பிள்ளை தங்கவில்லை. காலையிலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அத்தான் சொன்னது வேறு. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. சொல்லியிருந்தா நான் கூட்டத்துக்குப் போயிருப்பேனா?” ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் இதைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் வந்தது. மனிதர் ஒரு எழுத்துக்கூடத் தவறாகச் சொல்லமாட்டார், சொல்லுக்குச் சொல் கணக்குப் பார்ப்பவர் என்று பேர் வாங்கியவர். அவர் பேச்சு எடுபட்டது. அக்கா வலியில் இருந்தாள், மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள், மனதுக்குள் நினைத்ததை வாயால் சொன்னதாக எண்ணிக்கொண்டிருப்பாள். அம்மா இப்படி ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள், அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

நானா? எனக்கு அத்தானைப் பிடிக்காது என்பதால் அக்காவை நம்பிவிட வேண்டும் என்று ஆசை மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி பாய் விரித்தபோது கேட்டேன்: “நீ தெளிவா சொன்னியா அக்கா? உனக்கு எதையும் முனகித்தானே பழக்கம்.” அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அவள் வந்த இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை பேசி முடிப்பது என்று ஏற்பாடு. அத்தான் வருவார், மாமா வருவார், நாலு வார்த்தை பேசி அக்காவை அனுப்பிவைப்பார்கள். அப்பா முடிவு செய்துவிட்டார். “ஆறு மாசம் ஆச்சு. எத்தன நாளைக்கு இதையே புடிச்சிட்டுத் தொங்குவா” என்றார்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை, ‘அ’ வரிசையின் முதல் அச்சுப் படிவம் என் மேசைக்கு வந்தது. அக்கவுண்ட், அட்ரஸ், அட்வான்ஸ் எல்லாம் தாண்டி ‘அட்ஜஸ்ட்’டுக்கு வந்தேன். ‘பண்ணு’ என்ற துணைவினையோடு வரும் என்ற குறிப்புக்குக் கீழே ஐந்து பொருள்கள்.

ஒன்று, கருவிகளைத் தேவைக்கேற்பச் சரிப்படுத்துதல். ‘கண்ணாடியக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, பின்னாடி வர்ற வண்டியே தெரியல.’ இரண்டு, நெருங்கி உட்கார்ந்து இடம் தருதல். ‘இன்னும் ஒருத்தர் உக்காரலாம், அட்ஜஸ்ட் பண்ணுங்க.’ மூன்று, தனக்கு உரியதைப் பிறருக்காக விட்டுத்தருதல். ‘அக்கா அந்த ரூம்லயே இருக்கட்டும், நீ ஹால்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.’

பென்சில் நின்றது. அத்தானின் அக்கா ஒரு மாதம் தங்க வந்து நான்கு வருடம் இருந்தது எனக்குத் தெரியும். அந்த நான்கு வருடமும் என் அக்கா ஹாலில், டிவிக்கு எதிரே படுத்தாள்.

நான்கு, விருப்பத்தைக் கைவிட்டுச் சூழலுக்கு இணங்குதல். ‘மருந்துக்கடை வேலையெல்லாம் எதுக்கு, வீட்டோட அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?’ அக்கா மருந்தாளுநர். கல்யாணமான இரண்டாம் வருடம் வேலையை விட்டாள். ஐந்து, வலி முதலிய துன்பங்களை வெளிக்காட்டாமல் தாங்குதல். ‘இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, சாயங்காலம் வந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.’

எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தேன். ‘அட்ஜஸ்ட்’ கட்டில் மேலே இருந்த ஐந்து சீட்டுகளும் அச்சுக்குத் தேர்ந்தவை. மூன்றிலிருந்து ஐந்து வரை அத்தானின் கையெழுத்து. சாய்வே இல்லாமல், பாடப்புத்தகத்தில் அச்சடித்தது போன்ற எழுத்து. ஐந்தாவதில், சொன்னவர்: நான். கேட்டவர்: மனைவி. நாள், அந்த நாள். நேரம்: காலை 8.10. இடம்: வீடு, சமையலறை வாசல். சூழல்: கேட்டவர் அடிவயிற்றில் வலி என்று இரண்டாம் முறை கூறியபோது, சொன்னவர் கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில். கீழே சிவப்பு மையில் ஒரு வரி: மிக நல்ல எடுத்துக்காட்டு, இதையே கொள்க.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி வலிக்கிறது என்கிறாள், இந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு பதில் சொல்கிறார், பிறகு தான் சொன்ன பதிலின் அழகு அவருக்கே பிடித்துப்போகிறது, அலுவலகத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்து எழுதிவைக்கிறார். கைபேசியை அணைத்தது இதற்குப் பிறகுதான்.

மறுநாள் காலை படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அலுவலகத்தில் அவர் எனக்கு சார்.

“அட்ஜஸ்ட்ல அஞ்சாவது பொருளுக்கு வேற வாக்கியம் போடலாமா சார்?”

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஏன்?”

“வீட்டு விஷயம் மாதிரி இருக்கு.”

“பேர் அச்சுல வராது. வாக்கியம் அசல். அஞ்சாவது பொருளுக்கு இவ்வளவு துல்லியமா வேற எதுவும் கிடைக்கல.” படிவத்தை என் பக்கமே தள்ளினார். “உன்னைச் சீட்டச் சரிபார்க்கத்தான் சொல்லியிருக்கு. படிச்சு மூக்குச் சிந்தறதுக்கில்ல.”

“வலிக்குதுன்னு அக்கா சொல்லவே இல்லைன்னு சொன்னீங்களே.”

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பேனாவின் மூடியைத் திருகி மூடினார். “அது குடும்பம். இது வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பாத. ஞாயித்துக்கிழமை உங்கக்காவக் கூட்டிட்டுப் போக வர்றேன், அம்மாகிட்ட சொல்லிடு.” நான் கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது: “சீட்டு இந்தக் கட்டிடத்தை விட்டு வெளிய போனா வேலை போயிடும். ஞாபகம் இருக்கில்ல?”

இருந்தது. சாயங்காலம் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சீட்டுகளைக் காலியான சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடி வெளியே கொண்டுவந்தேன். காவலாளி வணக்கம் சொன்னார். பதிலுக்கு நானும் சிரித்தேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் சந்தோஷம்தான் அதிகம், அதை மறைப்பானேன். பதினோரு வருடமாக நான் காத்திருந்தது இப்படி ஒரு பிடிக்குத்தான்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் எடுத்துப் போட வேண்டும், அத்தான் முகத்தில் ஈயாடாமல் போவதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த நினைப்பில் இரண்டு நாள் அவளோடு ஒரே அறையில் படுத்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் ஹாலில் கூடினார்கள். அப்பா நாற்காலியில். அம்மா சமையலறை வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல். அம்மாவின் அண்ணன் சோபாவின் நடுவில். மாமா முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர், எங்களுக்கு எல் போர்டு மாமா. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா. என் அக்கா ஜன்னலோரமாகச் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விசாரணைக்கு வந்தவள் மாதிரி இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

மாமா ஆரம்பித்தார். “இங்க பாரும்மா. குடும்பம்னா ஒருத்தர் ஸ்டியரிங்கப் புடிக்கணும். ரெண்டு பேரும் பிரேக்ல காலை வெச்சா வண்டி எங்க நகரும்? மாப்பிள்ளை என்ன தப்பு பண்ணினார்? தெரியாம நடந்துபோச்சு.”

“தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா மாமா?” அத்தான் தணிந்த குரலில் சொன்னார். “எனக்கும்தானே அது பிள்ளை. இவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“தம்பி அன்னிக்கு ராத்திரி சோறே தொடல” என்றார் அவருடைய அக்கா.

“கேட்டியாம்மா?” அப்பா அக்காவைப் பார்த்தார். “உன்மேல தப்புன்னு யாரும் சொல்லல. வலியில சொல்ல விட்டுப்போச்சு. விடு. கிளம்பு.”

நான் எழுந்து உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தேன். மூன்று சீட்டுகளையும் மாமாவின் முன்னால் வைத்தேன். “மாமா, அஞ்சுன்னு போட்டிருக்கறதப் படிங்க. சத்தமா.”

அத்தானுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. “அது அலுவலகச் சொத்து” என்று கையை நீட்டினார். மாமா அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கியிருந்தார். வாக்கியத்தைப் படித்தார். சொன்னவரைப் படித்தார். கேட்டவரைப் படித்தார். இரண்டாம் முறை கூறியபோது என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது. சிவப்பு மை வரியை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டார்.

“இது உங்க கையெழுத்தா மாப்பிள்ளை?”

அத்தான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“தம்பி, இல்லைன்னு சொல்லேன்டா” என்றார் அவருடைய அக்கா.

“உதாரணத்துக்காகக் கொஞ்சம் மாத்தி எழுதறது உண்டு” என்றார் அத்தான் மெதுவாக. “அன்னிக்கு நடந்ததை அப்படியே எழுதினதுன்னு...”

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். “அப்ப இது பொய்ச் சீட்டு. நாளைக்குக் காலையில அச்சகத்துக்கு எழுதிக் குடுத்துடறேன். பதிப்பாசிரியரே மண்டையிலேருந்து வாக்கியம் தயாரிச்சிருக்கார்னு ஆலோசனைக் குழுவுக்கும் ஒரு காப்பி அனுப்பறேன். டீக்கடைச் சீட்டுக்கு ஒருத்தரை வெளிய அனுப்பினீங்களே, அவரையும் கூப்பிட்டுச் சொல்லிடறேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தானும் இல்லை, சாரும் இல்லை. நான் நினைத்தது இதுதான்: இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டு பொய் என்றால் பதினான்கு வருட உழைப்பு போகும். சீட்டு மெய் என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் விட்ட கண்ணீர் போகும்.

“சீட்டு பொய்யில்ல” என்றார் அத்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னார். அதில் ஒரு கர்வம்கூட இருந்தது. “என் சீட்டு ஒண்ணும் பொய்யில்ல. ஒண்ணுகூட.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். என்ன எதிர்பார்த்தேன்? ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்றா? அவள் என்னைப் பார்க்கவில்லை. அத்தானையும் பார்க்கவில்லை.

“ஆனா ஒண்ணு” என்றார் அத்தான். இப்போது அவர் குரல் அலுவலகக் குரல். “அந்தக் கட்டுல பதினேழு சீட்டு இருக்கு. நீ மூணுதான் எடுத்துட்டு வந்திருக்க. மீதியப் படிச்சியா?”

நான் படிக்கவில்லை. அச்சில் வராத சீட்டுகளைப் படிப்பது என் வேலையில்லை.

“படிக்கல. உனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு, மூடிட்ட.” அம்மாவைப் பார்த்து விரலை மடக்கினார். “ஏழு. சொன்னவர் மாமியார். ‘ஆம்பளைங்க அப்படித்தான், நீதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்.’ எட்டு. சொன்னவர் மாமனார். கல்யாணமாகி மூணாவது மாசம், போன்ல. ‘பொறந்த வீட்டுக்கு அடிக்கடி வராத, அங்கயே அட்ஜஸ்ட் ஆகப் பழகு.’ ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, நானும் கேட்டேன்.”

“எனக்கும் இருக்கா மாப்பிள்ளை?” என்று கேட்டார் மாமா. கேட்டிருக்க வேண்டாம்.

“ரெண்டு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பன்னெண்டு. சொன்னவர், மனைவியின் தங்கை. கேட்டவர், மனைவி. இடம், ஆஸ்பத்திரி, மூணாவது வார்டு. நேரம், சாயங்காலம் அஞ்சே கால். ‘அத்தானும் பாவம், உடைஞ்சு போயிருக்கார், நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் அக்கா.’ திரைக்கு வெளிய நின்னு எழுதினேன். சரியா?”

சரிதான். ஒரு எழுத்துப் பிசகில்லை. அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னவள் நான்தான். அந்த மாதம் அலுவலகத்தில் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். பிடிக்காதவரைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும், அவர் காதிலும் விழட்டும் என்று நினைத்துச் சொன்னேன். அக்கா அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இதை நான் மறக்கவில்லை. மறந்த மாதிரி வசதியாக ஓரம் கட்டி வைத்திருந்தேன். எதிரே இருக்கும் மனிதரை அந்த நிமிடம் நான் வெறுத்த அளவுக்கு என் வாழ்நாளில் எதையும் வெறுத்ததில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

அப்பா தொண்டையைச் செருமினார். “சரி விடுங்க மாப்பிள்ளை. இனிமே இவ அங்க வரமாட்டா.” அக்காவின் பக்கம் திரும்பினார். “எங்ககிட்டயே இரும்மா. தங்கச்சி ரூம்ல ரெண்டு பேரும் கொஞ்சம்...” என்றவர் நிறுத்தினார். அடுத்து வர வேண்டிய சொல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு வேறு சொல் தேடினார். அகப்படவில்லை.

அப்போதுதான் அக்கா பேசினாள்.

“இப்ப நம்பறீங்களாப்பா?”

“எழுத்துல இருக்கேம்மா.”

“ஆறு மாசமா நான் வாயால சொன்னேன்.” அவள் குரல் உயரவில்லை. “ரெண்டு தடவ சொன்னேன்னு சொன்னேன். எட்டு மணிக்குச் சொன்னேன், எட்டே காலுக்குள்ள இன்னொரு தடவ சொன்னேன்னு நேரம்கூடச் சொன்னேன். அம்மாகிட்ட சொன்னேன், உங்ககிட்ட சொன்னேன், இவகிட்டயும் சொன்னேன். யாருக்கும் காதுல ஏறல. அவர் எழுதி வெச்சிருக்கார்னதும் ஒரு நிமிஷத்துல நம்பிட்டீங்க. அவரு பொய் சொன்னதுக்குக்கூட அவர்தான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கு.”

அம்மா அழ ஆரம்பித்தாள். “எங்களுக்கு என்னம்மா தெரியும்...”

“தெரியாதும்மா. அதான் ரெண்டு வாரம் இருந்து பார்த்தேன். யாராவது ஒருத்தர் சும்மா நம்புவீங்களான்னு.” அவள் எழுந்தாள். “நாளைக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலைக்குச் சேர்றேன். வந்த மறுவாரமே கேட்டு வெச்சாச்சு. அங்க நர்ஸ் ஒருத்தங்களோட ரூம். இன்னிக்கே போறேன்.”

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

“அந்த அஞ்சாவது வாக்கியத்த எடுத்துடாதீங்க. அப்படியே வரட்டும். நல்ல எடுத்துக்காட்டுதான்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமா, இல்லை நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. நிம்மதியாகத்தான் இருக்கும். அவரை எனக்குத் தெரியும்.

பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. கட்டிலுக்கு அடியில் நான் தினமும் பெருக்கும் இடத்திலேயே இருந்திருக்கிறது. அவள் படியிறங்கியபோது நானும் பின்னால் ஓடினேன். பையை அவள் கையிலிருந்து வாங்கினேன். இரண்டு படி இறங்கியதும் அவள் திரும்பி நின்று அதை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். கோபமாகப் பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினாள்.

“நானும் வர்றேன் அக்கா. ரூம் வரைக்கும்.”

“வேணாம்.”

“அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது... அப்ப எனக்கு...”

“தெரியும். வேலை நிரந்தரமாக வேண்டியிருந்துச்சு. அன்னிக்கே தெரியும்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நீ கூட வந்தா வழியெல்லாம் அழுவ. நான் உன்னைத் தேத்திக்கிட்டே போகணும். இன்னிக்கு எனக்கு அதுக்குத் தெம்பு இல்லடி.”

நான் படியிலேயே நின்றேன். அவள் போய் பஸ் ஏறினாள்.